பரணில் பறந்த அம்பு

மலர்க் குழு நண்பர் போனில் கூப்பிட்டு, "ஏதாவது ஒரு வரலாற்றுக் கட்டுரை எழுதிக் கொடுப்பா" என்று கேட்டார். சோழர், பாண்டியர் வரலாறு எழுத நம் கல்லூரியிலேயே கற்றறிந்த பேராசிரியர்கள் இருக்கிறார்கள். இயற்பியல் வகுப்பில் கடைசி பெஞ்ச் தேய்த்து, பிறகு கம்ப்யூட்டர் பிழைப்புக்குப் போன எனக்குத் தெரிந்த வரலாறு வேறு மாதிரி. 1984-ஆம் ஆண்டு இங்கிலாந்தின் லிவர்பூல் நகரிலிருந்து வந்த ஒரு கம்ப்யூட்டர் விளையாட்டின் வரலாறு அது. சொல்லப்போனால், அந்த விளையாட்டில் இருந்த பிழைகளின் வரலாறு.

"விளையாட்டா? இதுக்கெல்லாமா மலர்ல இடம்?" என்று மூத்த நண்பர்கள் முகம் சுளிக்க வேண்டாம். கொஞ்சம் பொறுமையாகப் படித்தால் இது விளையாட்டுச் சமாச்சாரம் மட்டும் இல்லை என்பது விளங்கும். இன்றைக்குக் கம்ப்யூட்டர் படிக்கிற தம்பி தங்கைகளுக்கு நான் சொல்ல விரும்புகிற ஒரு விஷயமும் இதற்குள் இருக்கிறது.

ரப்பர் விசைப் பெட்டி

1982-ஆம் ஆண்டு ஏப்ரல் மாதம் இங்கிலாந்தில் சர் கிளைவ் சின்க்ளேரின் நிறுவனம் 'இசட்எக்ஸ் ஸ்பெக்ட்ரம்' என்ற சின்னஞ்சிறு கணிப்பொறியை வெளியிட்டது. (அப்போது அவருக்கு 'சர்' பட்டம் இல்லை, மறு ஆண்டுதான் கிடைத்தது.) ஒரு தடிமனான நோட்டுப் புத்தக அளவுதான் இருக்கும். விசைகள் எல்லாம் ரப்பர். 16 கே நினைவகம் உள்ளது 125 பவுண்டு, 48 கே உள்ளது 175 பவுண்டு. தனியாகத் திரை வாங்க வேண்டியதில்லை, வீட்டு டிவியில் மாட்டிக்கொள்ளலாம். நிரலைச் சேமிக்க சாதாரண டேப் ரிக்கார்டரும் கேசட்டும் போதும். பாட்டு கேட்கிற அதே கேசட்தான்! அதைப் போட்டால் கீ... என்று காதைக் கிழிக்கிற சத்தம் வரும். நாலைந்து நிமிடம் அந்தச் சத்தத்தைப் பொறுத்துக்கொண்டால் நிரல் உள்ளே ஏறிவிடும். நடுவில் ஏதாவது தவறினால் ரீவைண்ட் செய்து முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டும்.

நம் நாட்டிலும் 1980-களின் பிற்பகுதியில் டெசிபெல்ஸ் எலெக்ட்ரானிக்ஸ் என்ற நிறுவனம் உரிமம் பெற்று இதன் அடுத்த வடிவத்தை விற்றது. அதைப் பார்த்தவர்கள் நம்மில் ஒருசிலராவது இருப்பார்கள்.

48 கே என்றால் 49,152 பைட். இன்று செல்போனில் எடுக்கிற ஒரே ஒரு போட்டோவுக்கே இதைப்போல் பல மடங்கு இடம் வேண்டும். அந்தத் துளியூண்டு இடத்துக்குள் படம், சத்தம், கதை, எதிரிகள் எல்லாவற்றையும் அடக்கி விளையாட்டு எழுதினார்கள் என்றால், அதை எழுதியவர்கள் எப்பேர்ப்பட்ட கெட்டிக்காரர்கள் என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

அந்தக் கெட்டிக்காரர்களில் ஒருவர்தான் மேத்யூ ஸ்மித். 1966-இல் பிறந்தவர். 1983-இல், நம் பிள்ளைகள் பிளஸ் டூ படிக்கிற வயதில், 'மேனிக் மைனர்' என்ற விளையாட்டை எழுதினார். வில்லி என்ற சுரங்கத் தொழிலாளி இருபது குகைகளில் தாவிக் குதித்து, சாவிகளைப் பொறுக்கி, எதிரே வருகிற விசித்திர ஜந்துக்களின் மேல் படாமல் வெளியேற வேண்டும். இப்படி மேடைக்கு மேடை தாவுகிற வகையை 'பிளாட்ஃபாரம் கேம்' என்பார்கள். நம் ரயில்வே பிளாட்ஃபாரத்துக்கும் இதற்கும் சம்பந்தமில்லை! அந்த விளையாட்டு இங்கிலாந்து முழுக்க ஓகோவென்று ஓடியது. அடுத்த கதை எப்போது, எப்போது என்று பிள்ளைகள் காத்திருந்தார்கள்.

வில்லியின் பங்களா

அடுத்த கதை 1984-இல் வந்தது. பெயர் 'ஜெட் செட் வில்லி'. வெளியிட்டது லிவர்பூலைச் சேர்ந்த சாஃப்ட்வேர் புராஜெக்ட்ஸ். ஸ்மித்தும் அதன் நிறுவனர்களில் ஒருவர்.

கதை இதுதான். சுரங்கத்தில் புதையல் கிடைத்து வில்லி பணக்காரன் ஆகிவிட்டான். பெரிய பங்களா வாங்கி, ஊரைக் கூட்டி விருந்து வைத்தான். விருந்து முடிந்து எல்லோரும் போயாச்சு. தூங்கப் போகலாம் என்றால், வீட்டைப் பார்த்துக்கொள்ளும் மரியா என்கிற அம்மாள் படுக்கையறை வாசலில் மறித்துக்கொண்டு நிற்கிறாள். விருந்தாளிகள் வீடெங்கும் இறைத்துவிட்டுப் போன சாமான்களை எல்லாம் எடுத்து வைத்தால்தான் படுக்கை! நம் வீட்டு அம்மாக்கள் நினைவுக்கு வருகிறார்கள் அல்லவா?

சாமான்கள் மொத்தம் 83. அறைகள் 60. சமையலறை, பாதாளச் சரக்கறை, கூரை, தோட்டத்து மரம், கடற்கரை, அங்கே நிற்கும் உல்லாசப் படகு என்று பங்களா விரிந்துகொண்டே போகும். 'மேனிக் மைனரில்' ஒரு குகையை முடித்தால்தான் அடுத்தது. இதிலோ எந்த அறைக்கும் எந்த வழியாகவும் போகலாம். அந்தக் காலத்துக்கு இது பெரிய புதுமை. 1984-இல் பிரிட்டனில் மிக அதிகமாக விற்ற விளையாட்டுகளில் இதுவும் ஒன்று. 83 சாமான்களையும் முதலில் எடுத்து முடிப்பவருக்குப் பரிசு என்று நிறுவனம் போட்டியும் அறிவித்தது.

பள்ளி விட்டு வந்து பையைத் தூக்கி எறிந்துவிட்டு, இரவு வரை டிவி முன்னால் உட்கார்ந்த பிள்ளைகள் எத்தனை எத்தனை! அறை அறையாக வரைபடம் போட்டார்கள். எந்த மேடையில் எந்த இடத்தில் நின்று தாவ வேண்டும் என்று குறித்து வைத்தார்கள். ஆனால் எவ்வளவு முயன்றும் ஒருவராலும் முடிக்க முடியவில்லை.

முடிக்க முடியாததற்குக் காரணம் எளிமையானது. வெளியான வடிவத்தில் அந்த விளையாட்டை யாராலுமே முடிக்க முடியாது! ஆனால் அது அந்தப் பிள்ளைகளுக்குத் தெரியாது.

பரணுக்குப் போனால்...

பங்களாவின் உச்சியில் ஒரு பரண் இருந்தது. 'தி ஆட்டிக்' என்று அந்த அறைக்குப் பெயர். வில்லி அங்கே போவான். அங்கே அசாதாரணமாக ஒன்றும் நடக்காது. திரும்பி வந்து மற்ற அறைகளுக்குள் போகும்போதுதான் வினை. தேவாலய அறையில் நடமாடிக்கொண்டிருந்த ஜந்துக்கள் எல்லாம் காணாமல் போயிருக்கும். வேறு சில அறைகளுக்குள் காலை வைத்தவுடனே வில்லி செத்து விழுவான். ஏன் செத்தான் என்று பார்க்கக்கூட நேரம் இருக்காது. புது ஆட்டம் ஆரம்பித்தாலும் அதே கதிதான். பெட்டியை அணைத்து, கேசட்டை மறுபடி முதலிலிருந்து ஏற்றினால்தான் அந்த அறைகள் பழையபடி ஆகும்.

ஆடியவர்கள் குழம்பிப் போனார்கள். இதற்கு நிறுவனத்தின் தரப்பிலிருந்து முதலில் வந்த விளக்கம் என்ன தெரியுமா? "அது பிழை இல்லை. அந்த அறைகளில் நச்சுவாயு நிரம்பியிருக்கிறது. விளையாட்டைக் கடினமாக்குவதற்காக வேண்டுமென்றே அப்படி வைத்திருக்கிறோம்!"

நச்சுவாயுவாம்! சிரிப்பு வருகிறது. ஆனால் அன்றைக்கு அதை நம்பிய பிள்ளைகளுக்கு அது சிரிப்பாக இருந்திருக்காது. நச்சுவாயு என்றால் அதைத் தாண்ட ஏதோ ஒரு வழி இருக்க வேண்டும், எனக்குத்தான் சாமர்த்தியம் போதவில்லை என்றுதானே ஒரு பிள்ளை நினைக்கும்? இல்லாத வழியைத் தேடி மறுபடி கேசட்டை ஏற்றும்; மறுபடி தோற்கும்.

உள்ளே நடந்தது என்ன?

இப்போது கொஞ்சம் கணக்குப் பாடம். பயப்பட வேண்டாம், கூட்டல் பெருக்கல் தெரிந்தால் போதும்.

கணிப்பொறியின் நினைவகத்தை ஒரு நீளமான தெரு என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு பைட்டும் ஒரு வீடு. ஒவ்வொரு வீட்டுக்கும் கதவு எண் உண்டு. ஸ்பெக்ட்ரம் தெருவில் கதவு எண் 0 முதல் 65,535 வரை. ஜெட் செட் வில்லி விளையாட்டு இந்தத் தெருவைப் பகுதி பகுதியாகப் பிரித்துக்கொண்டது. 24,576 முதல் ஒரு பகுதி, படம் வரைந்து பார்க்கும் கரும்பலகை. அறையையும் வில்லியையும் ஜந்துக்களையும் முதலில் அங்கே வரைந்து, பிறகு திரைக்கு நகல் எடுப்பார்கள். 40,960 முதல் ஜந்துக்களின் ஜாதகம்: எது எப்படி நகரும், எங்கிருந்து எங்கு வரை போகும் என்ற விவரங்கள். 49,152 முதல் அறைகளின் வரைபடங்கள், அறைக்கு 256 வீடு வீதம்.

கரும்பலகையில் 128 கோடுகள். எந்தக் கோடு எந்தக் கதவு எண்ணில் தொடங்குகிறது என்று பார்க்க ஒரு பட்டியல் உண்டு. ஒவ்வொரு கதவு எண்ணையும் எழுத இரண்டு பைட் வேண்டும். ஆகவே பட்டியலில் முதல் கோட்டின் விவரம் 0-வது இடத்தில், அடுத்தது 2-இல், அதற்கடுத்தது 4-இல் என்று இரட்டைப்படையாகவே போகும். எதையாவது வரைய வேண்டும் என்றால் அதற்கு இந்தப் பட்டியலில் ஓர் இரட்டைப்படை எண்ணைக் கொடுக்க வேண்டும்.

பரணில் ஓர் அம்பு பறக்கும். அந்த அம்புக்குக் கொடுக்கப்பட்டிருந்த எண் 213. ஒற்றைப்படை!

அவ்வளவுதான் பிழை. ஓர் எண். ஒரே ஒரு பைட்.

இதனால் என்ன ஆகும்? மதுரையின் பின்கோடுகளை வரிசையாக எழுதி வைத்திருக்கிறீர்கள்: 625001, 625002 என்று. ஒருவர் நடுவிலிருந்து படிக்க ஆரம்பித்து, முதல் எண்ணின் பின்பாதி 001-ஐயும் இரண்டாவது எண்ணின் முன்பாதி 625-ஐயும் சேர்த்து 001625 என்று கடிதத்தில் எழுதிவிட்டார். நம் தபால்காரராக இருந்தால் அப்படி ஓர் ஊரே இல்லையே என்று கடிதத்தைத் திருப்பி அனுப்பியிருப்பார். கணிப்பொறிக்கு அந்த விவேகம் கிடையாது. சொன்ன கதவு எண்ணுக்குப் போய், அங்கே யார் குடியிருந்தாலும் கேட்காமல் உள்ளே நுழைந்து வேலையைச் செய்துவிடும்.

இங்கேயும் அதுதான் நடந்தது. 106-வது கோட்டு எண்ணின் ஒரு பாதியும் 107-வது கோட்டு எண்ணின் மறுபாதியும் ஒட்டிக்கொண்டு, 41,000-ஐ ஒட்டிய ஒரு கதவு எண் வந்தது. மேலே சொன்ன தெருக் கணக்கைப் பாருங்கள். அது கரும்பலகையே இல்லை; ஜந்துக்களின் ஜாதகம் இருக்கிற இடம்! கண்ணுக்குத் தெரியாத அம்பு அங்கே பறந்து பறந்து ஜாதகங்களை அழித்தது. வில்லி பரணில் நிற்க நிற்க அழிவு கூடியது. அதனால்தான் தேவாலயத்து ஜந்துக்கள் மறைந்தன. அதனால்தான் வேறு அறைகளில் கால் வைத்ததும் சாவு. நச்சுவாயுவும் இல்லை, ஒரு மண்ணும் இல்லை.

மற்ற மூன்று பிழைகள்

பரணைத் தவிர வேறு மூன்று பிழைகளும் இருந்தன. ஒன்றுக்கொன்று தொடர்பே இல்லாதவை. ஆனாலும் மக்கள் எல்லாவற்றையும் சேர்த்து 'பரண் பிழை' என்றே பேசினார்கள்.

கண்ணாடி அறையின் கூரையில் ஒரு சாமான் இருந்தது. அதை எடுக்கப் போகிற வழியில் தொட்டால் சாகிற ஒரு கட்டம். சாகாமல் அதை எடுக்க முடியாது. ஆலமர அறையில் வழியை அடைத்துக்கொண்டு ஒரு கட்டம். முதல் மாடிப்படித் தளத்தில் ஒரு சாமான். அது கண்ணுக்கும் தெரியாது, கைக்கும் எட்டாது. 83 சாமான்களில் ஒன்று குறைந்தாலும் மரியா வழிவிட மாட்டாள் என்பதால், இவற்றில் ஒவ்வொரு பிழையும் தனியாகவே விளையாட்டை முடக்கப் போதுமானது.

இவை தவிர, பிழை என்று பட்டியலில் சேராத ஒரு கொடுமையும் உண்டு. வில்லி செத்தால், அந்த அறைக்குள் எந்த இடத்தில் நுழைந்தானோ அங்கேயே மறுபடி உயிர் பெறுவான். மேல் அறையிலிருந்து தவறி உயரத்திலிருந்து விழுந்தான் என்று வைத்துக்கொள்ளுங்கள். விழுந்து சாவான், அந்தரத்தில் உயிர் பெறுவான், மறுபடி விழுந்து சாவான். கையில் இருக்கிற அத்தனை உயிரும் தீருகிற வரை நாம் விசையை விட்டுவிட்டு வேடிக்கை பார்க்க வேண்டியதுதான். ஒரு மணி நேர உழைப்பு ஐந்து விநாடியில் போய்விடும். இது தவறான எண்ணால் வந்ததில்லை. யோசிக்காமல் வைத்த விதியால் வந்தது.

சந்தேகப்பட்டவர்கள்

ஆனாலும் போட்டியில் இருவர் ஜெயித்தார்கள். ராஸ் ஹோல்மன், கேமரன் எல்ஸ் என்று பெயர். முடிக்கவே முடியாத விளையாட்டில் எப்படி ஜெயித்தார்கள்? மற்றவர்கள் வில்லியை வைத்துக்கொண்டு போராடியபோது, இவர்கள் நிரலையே பிரித்துப் பார்த்தார்கள். தப்பு எங்கே என்று கண்டுபிடித்து, சரிசெய்யும் வழியையும் எழுதி நிறுவனத்துக்கே கொடுத்தார்கள்! எல்ஸ் பிற்பாடு இதே விளையாட்டை எம்எஸ்எக்ஸ் கணிப்பொறிக்கும் மாற்றி எழுதினார்.

அதன்பின் நிறுவனம் நச்சுவாயுக் கதையைக் கைவிட்டு, திருத்தங்களை வெளியிட்டது. இன்று போல நெட்டில் 'அப்டேட்' அனுப்புகிற காலமா அது? விற்ற கேசட் விற்றதுதான். ஸ்பெக்ட்ரமில் 'போக்' என்று ஒரு கட்டளை உண்டு. 'இந்தக் கதவு எண்ணில் இந்த எண்ணை வை' என்று அர்த்தம். கேசட்டிலிருந்து விளையாட்டை ஏற்றும்போது கீழ்க்கண்ட நாலு கட்டளைகளை நாமே சேர்க்க வேண்டும்:

போக் 59901, 82
போக் 60231, 0
போக் 56876, 4
போக் 42183, 11

முதலாவதைக் கணக்குப் போட்டுப் பாருங்களேன். 59,901-லிருந்து 49,152-ஐக் கழித்தால் 10,749. அதை 256-ஆல் வகுத்தால் ஈவு 41, மீதி 253. ஆக, இது 41-ஆம் எண் அறையின் விவரங்களில், ஏறக்குறைய கடைசியில் இருக்கிற வீடு. 41-ஆம் எண் அறைதான் பரண்! அங்கே இருந்த 213-ஐ எடுத்துவிட்டு 82-ஐ வைக்கச் சொல்கிறது கட்டளை. 82 இரட்டைப்படை. அம்பு 41-வது கோட்டில் சமர்த்தாகப் பறக்கும்.

இதே கணக்கை அடுத்த இரண்டுக்கும் போட்டால் 43 வரும், 30 வரும். கண்ணாடி அறைக் கூரையும் ஆலமரமும் அவைதான். நான்காவதில் இருக்கிற 11, கூடத்து அறையின் எண். எட்டாத இடத்தில் கிடந்த சாமானைத் தூக்கிக் கூடத்தில் வைத்துவிடுகிறது. நாலே நாலு பைட் மாறியதும் வில்லி நிம்மதியாகப் படுக்கைக்குப் போக முடிந்தது. (போய்த் தூங்கினானா என்றால், இல்லை! நேரே குளியலறைக்கு ஓடிக் கழிப்பறைக் கோப்பையில் தலைகுப்புற விழுவதோடு கதை முடிகிறது. விருந்தில் குடித்தது அப்படி!)

யார்மேல் குற்றம்?

மேத்யூ ஸ்மித் மேல் குற்றம் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. அந்த வயதில், முந்தைய வெற்றியின் சுமை தலையில் இருக்க, அடுத்தது எப்போது என்று ஊரே கேட்டுக்கொண்டிருக்க, ஒரு தனி ஆள் அறுபது அறைகளைக் கட்டி எழுப்பினார். அறைகளின் வரிசையில் 47-ஆம் எண்ணில், பெயருக்குப் பதில் ஓர் அடைப்புக்குறி மட்டும் போட்ட, அரைகுறையான அறை ஒன்று அப்படியே கிடக்கிறது. போகவே வழி இல்லாத அறை. அதைப் பார்த்தாலே எவ்வளவு அவசரத்தில் பெட்டியைக் கட்டினார்கள் என்று புரியும். ஆயிரக்கணக்கான எண்களில் நாலு தப்பாகப் போவது மனித இயல்பு.

எனக்கு உறுத்துவது வேறு. அந்தக் கேசட்டோடு ஓர் அட்டையும் வந்தது. அதில் 180 சங்கேதங்கள். ஒவ்வொன்றிலும் நான்கு நிறக்கட்டங்கள். விளையாட்டு ஏறியதும், 'இந்த எண்ணுக்குரிய நிறங்களைச் சொல்' என்று கேட்கும். சரியாகச் சொன்னால்தான் ஆட்டம். கலர் ஜெராக்ஸ் எளிதில் கிடைக்காத காலம் அது. ஆகவே கேசட்டை நகல் எடுத்தாலும் அட்டையை நகல் எடுப்பது கஷ்டம் என்று போட்ட திட்டம். வீட்டுக் கணிப்பொறி விளையாட்டுகளில் இப்படி ஒரு பூட்டுப் போட்டது இதுதான் ஆரம்ப முயற்சிகளில் ஒன்று. அந்தப் பூட்டையும் வெகு சீக்கிரமே உடைத்து, உடைத்த முறையை ஒரு பத்திரிகையிலும் போட்டுவிட்டார்கள் என்பது தனிக் கதை. திருடன் வருவான் என்று 180 சங்கேதம் யோசித்தவர்கள், காசு கொடுத்து வாங்குகிறவன் கடைசிவரை ஆட முடியுமா என்று யாராவது ஒருவரை உட்கார வைத்து ஒரே ஒரு தடவை ஆடிப் பார்த்திருந்தால் போதும். நாலு பிழையும் அன்றைக்கே பிடிபட்டிருக்கும்.

இன்னொன்று, அந்த நச்சுவாயு. தப்பு நேர்ந்தது ஒரு பைட்டில். அதை மறைக்கச் சொன்ன பொய் எத்தனை பிள்ளைகளின் எத்தனை நாட்களைத் தின்றிருக்கும்!

இதைச் சொல்ல எனக்குத் தகுதி இருக்கிறதா என்றால், கொஞ்சம் தயங்குகிறேன். 1993-இல் நான் வேலை பார்த்த ஓர் இடத்தில், ஒரு கடைக்குக் கணக்கு நிரல் எழுதிக் கொடுத்தோம். மாதக் கடைசி நாளில் மட்டும் கூட்டுத் தொகை சில ரூபாய் உதைத்தது. அந்தக் கடையின் கணக்குப்பிள்ளை, வயதான மனுஷர், "சார், மெஷின் தப்பா இருக்காது, நான்தான் எங்கேயோ விட்டுட்டேன் போலிருக்கு" என்று மூன்று மாதம் ராத்திரி ராத்திரி உட்கார்ந்து கையால் கூட்டிப் பார்த்திருக்கிறார். தப்பு என்னுடையது. எனக்கு அது இரண்டாவது மாதமே தெரிந்துவிட்டது. ஆனால் மேலதிகாரி சொன்னபடி, "அது பாதுகாப்புக்காக வைத்த ஏற்பாடு, அடுத்த வெர்ஷனில் மாற்றித் தருகிறோம்" என்று கடிதம் எழுதிக் கையெழுத்துப் போட்டவன் நான்தான். அதுவும் ஒரு நச்சுவாயுதானே? பல வருஷம் கழித்து ஜெட் செட் வில்லியின் கதையைப் படித்தபோது எனக்கு முதலில் நினைவு வந்தது மேத்யூ ஸ்மித் இல்லை. மூக்குக் கண்ணாடியை நெற்றியில் ஏற்றிவிட்டுக்கொண்டு பேரேட்டைப் புரட்டிய அந்தப் பெரியவர்தான். அவரிடம் மன்னிப்புக் கேட்கப் போனபோது அந்தக் கடையே அங்கு இல்லை.

மாணவத் தம்பி தங்கைகளுக்கு

இன்றும் ஜெட் செட் வில்லிக்கு ரசிகர்கள் இருக்கிறார்கள். 1985-லேயே அறைகளைக் கூட்டி இரண்டாம் பாகம் வந்தது. அதை எழுதியவர்கள் வேறு ஆட்கள். பழைய விளையாட்டின் ஒவ்வொரு பைட்டையும் பிரித்து, இது இன்ன வேலை செய்கிறது என்று பாஷ்யம் எழுதி வைத்திருக்கிறார்கள். புதிது புதிதாக அறைகளும் கட்டி வருகிறார்கள். பிழைகள் இருந்தும் அந்த விளையாட்டின் மேல் இருந்த பிரியம் போகவில்லை. பிழை இருந்தால் மதிப்பே போய்விடும், அதனால் மறைத்தே ஆக வேண்டும் என்று பயப்படுகிறவர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

நீங்கள் நாளைக்கு எழுதப்போகிற நிரல்கள் விளையாட்டோடு நிற்காது. வங்கியில், ஆஸ்பத்திரியில், ரயில் சிக்னலில் ஓடும். எவ்வளவு கெட்டிக்காரராக இருந்தாலும் உங்கள் நிரலிலும் எங்காவது ஒரு 213 இருக்கும். அதற்காக வெட்கப்பட வேண்டாம். அனுப்புவதற்கு முன்னால் கடைசிப் படி வரை ஒருவரை நடக்க விட்டுப் பாருங்கள். அனுப்பிய பிறகு யாராவது தப்பு என்று சொன்னால், முதலில் அவர் சொல்வதைக் கேளுங்கள். தப்பு இருந்தால் அன்றைக்கே "ஆமாங்க, என் தப்புதான்" என்று சொல்லிவிடுங்கள். உங்கள் பதிலை நம்பிக்கொண்டு யாரோ ஒருவர் ராத்திரி விழித்திருக்கிறார் என்பதை மறக்காதீர்கள்.

அதேபோல, எவ்வளவு முயன்றும் ஒரு காரியம் முடியவில்லை என்றால், உங்களையே நொந்துகொள்வதற்கு முன்னால் ஹோல்மனையும் எல்ஸையும் நினைத்துக்கொள்ளுங்கள். குறை ஆடுகிறவரிடம் இல்லாமல் ஆட்டத்திலேயே இருக்கலாம். மூடியைத் திறந்து பார்க்கிற தைரியம் வேண்டும்.

நம் ஆய்வுக்கூடத்தில் கணக்கோடு ஒத்துவராத அளவீட்டை அழித்துவிட்டு ஒத்துவருகிற எண்ணை எழுதிக்கொண்டு போன என்னை, "வந்ததை வந்தபடி எழுதுடா" என்று திருப்பி அனுப்பிய பேராசிரியர் ஒருவர் இருந்தார். அன்றைக்கு எரிச்சலாக இருந்தது. நாற்பது வருஷம் கழித்து, அவர் சொன்னதையேதான் இந்தக் கட்டுரையில் நீட்டி எழுதியிருக்கிறேன் என்று இப்போது தோன்றுகிறது.

சந்திப்பு விழாவுக்கு வரும் நண்பர்கள் அனைவருக்கும் என் அன்பும் வணக்கமும். சாப்பாட்டுப் பந்தியில் பார்ப்போம். கட்டுரையில் தப்பு ஏதாவது கண்ணில் பட்டால் அங்கேயே சொல்லுங்கள். நச்சுவாயு என்று சொல்ல மாட்டேன்!